மனச்சிதைவு நோயில் மங்கும் அறிவாற்றல்: குருதி தரும் குறிப்புகள்



ஒரு வீட்டில் இருபது வயது மகனுக்கு, எவரும் இல்லாத அறையில் குரல்கள் கேட்கின்றன. தெருவில் போவோர் யாவரும் தன்னைப் பற்றியே பேசுகின்றனர் என்று அவன் நம்புகிறான். பல மாதம் அங்குமிங்கும் அலைந்தபின் பெற்றோர் அவனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். ஸ்கிசோஃப்ரீனியா எனப்படும் மனச்சிதைவு நோய் என்று கூறி அவர் மருந்து தருகிறார். சில வாரங்களில் குரல்கள் அடங்குகின்றன, அச்சம் தணிகிறது, உறக்கம் வருகிறது. வீட்டார் ஆறுதல் அடைகின்றனர். அதன் பின்னரே வேறொரு துன்பம் கண்ணில் படுகிறது. படித்த பக்கத்தையே அவன் மீண்டும் மீண்டும் படிக்கிறான். நெல் விற்ற கணக்கை எழுதச் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுகிறான். நால்வர் கூடிப் பேசும்போது பேச்சைத் தொடர முடியாமல் ஒதுங்கிக்கொள்கிறான். "குரல் கேட்பதுதான் நின்றுவிட்டதே, இனி இது சோம்பல்தான்" என்று தந்தை முடிவு கட்டுகிறார்.

இத்தகைய வீடுகள் பல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. தந்தையின் முடிவு எவ்வளவு இயல்பானதோ அவ்வளவு தவறானது. அறிவாற்றல் மங்குவது இந்நோயின் பக்க விளைவன்று. நோயின் ஓர் உறுப்பே ஆகும். அம்மங்கலுக்கும் குருதியில் ஓடும் சில புரதங்களுக்கும் தொடர்பு காணப்படுகிறது என்பது அண்மைக் கால ஆய்வுகள் கண்ட செய்தி. அச்செய்தியின் அளவையும் எல்லையையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயைத் தனியே வகைப்படுத்தியபோது, இளமையிலேயே நேரும் அறிவுச் சிதைவு என்று பொருள்படும் பெயரையே அதற்கு இட்டார். எல்லார்க்கும் அறிவு சிதைந்தே தீரும் என்பதில்லை எனக் கண்ட சுவிட்சர்லாந்து மருத்துவர் யூஜென் பிளாய்லர், 1908ஆம் ஆண்டில் ஸ்கிசோஃப்ரீனியா என்ற பெயரை முன்வைத்தார். 1952இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. அதுவும் அதன் வழிவந்த மருந்துகளும் குரல்களையும் வீண் ஐயங்களையும் அடக்கின. அதனால் மருத்துவ உலகின் கண் முழுவதும் அவற்றின்மீதே நிலைத்தது. மருந்தால் அடங்காத மறதியும் கவனக் குறைவும் நெடுங்காலம் ஓரத்தில் கிடந்தன. 1996இல் அமெரிக்க உளவியலறிஞர் மைக்கேல் கிரீன், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். நோயாளி வேலையில் நிலைப்பாரா, பிறரோடு பழகுவாரா, தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்வாரா என்பவற்றை அவருடைய நினைவாற்றலும் கவனமுமே பெரிதும் தீர்மானிக்கின்றன. குரல்கள் கேட்பதும் கேளாமையும் அவற்றை அந்த அளவுக்குத் தீர்மானிப்பதில்லை.

இவ்வாற்றலை அளக்கும் முறைகள் எளியவை. தொடர்பற்ற பத்துச் சொற்களை ஒருமுறை படித்துக் காட்டித் திரும்பச் சொல்லச் செய்வர். அரை மணி கழித்து அவற்றையே மீண்டும் கேட்பர். ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஓர் எண் என்று அட்டவணை தந்து, குறித்த நேரத்துக்குள் எத்தனை கட்டங்களை நிரப்புகிறார் என்று எண்ணுவர். எண்களைச் சொல்லி அதே வரிசையில் ஒப்பிக்கச் சொல்வர். நலமுள்ள நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், மனச்சிதைவு நோயாளிகளின் சராசரி கடைசியிலிருந்து பதினாறாம் இடத்தை ஒட்டி அமைகிறது. இது சராசரியே, நலமுள்ளோரைவிட நன்றாகச் செய்யும் நோயாளிகளும் உண்டு. குரல்கள் தோன்றுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இக்குறை தொடங்கிவிடுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. பள்ளியில் நன்றாகப் படித்துவந்த பிள்ளை பதினாறு, பதினேழு வயதில் காரணமின்றிப் பின்தங்கியதைப் பெற்றோர் பலர் பின்னால் நினைவுகூர்வர்.

இனி நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு வருவோர், மனநோயில் அதற்கு என்ன வேலை என்று வியக்கலாம். காய்ச்சலில் படுத்தவர் எவரும் இதற்கு விடை அறிவர். காய்ச்சலின்போது உடல் மட்டுமா தளர்கிறது? கூட்டல் கணக்கு வராது. பேச விருப்பம் இராது. படித்தது நெஞ்சில் நில்லாது. கிருமி மூளைக்குள் புகுந்ததால் இது நேர்வதில்லை. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சைட்டோகைன் எனப்படும் தூதுப் புரதங்களைக் குருதியில் விடுகின்றன. அவற்றுள் ஒன்று இன்டர்லூகின்-6. அது கல்லீரலை எட்டியதும், கல்லீரல் சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்னும் வேறொரு புரதத்தைப் பெருமளவில் சுரக்கிறது. 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில், நிமோனியா நோயாளிகளின் குருதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இப்புரதம். ஊரிலுள்ள குருதிப் பரிசோதனை நிலையங்களில் சி.ஆர்.பி. என்று சீட்டில் எழுதப்படுவது இதுவே. உடலில் எங்கோ அழற்சி உள்ளது என்பதை அது காட்டும். எங்கே என்பதைக் காட்டாது.

தூதுப் புரதங்கள் நினைவை மங்கச் செய்கின்றனவா என்பதை ஜெர்மனியின் மியூனிக் நகரில் நேராகவே சோதித்தனர். 2001இல் வெளிவந்த அவ்வாய்வில் நலமுள்ள இருபது ஆடவர்க்கு, நோயை உண்டாக்காத மிகச் சிறிய அளவில் நுண்ணுயிரின் உறைப்பொருள் ஒன்று ஊசிவழி செலுத்தப்பட்டது. வேறொரு நாளில் வெறும் உப்பு நீர் செலுத்தப்பட்டது. எந்நாளில் எது என்பது அவர்களுக்குத் தெரியாது. உறைப்பொருள் சென்ற நாளில் அவர்கள் நோயுற்றதாக உணரவில்லை. ஆயினும் மனம் சோர்ந்தது. கேட்ட கதையையும் கண்ட உருவத்தையும் நினைவிலிருந்து எடுத்துரைக்கும் திறன் குறைந்தது. குருதியில் தூதுப் புரதம் எவ்வளவு ஏறியதோ அதற்கேற்ப நினைவும் குன்றியது. நலமுள்ளவரிடம் ஒரு நாளில் வந்து மறைந்த இந்நிலை, ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் மெலிதாக நீடித்தால் என்ன ஆகும் என்ற வினா அங்கிருந்து எழுகிறது.

அவ்வினாவை மனச்சிதைவு நோயாளிகளிடம் கேட்டுப் பார்த்தவர்களுள் முக்கியமானவர், அமெரிக்காவின் பால்டிமோர் நகரை அடுத்துள்ள ஷெப்பர்ட் பிராட் மனநல மருத்துவமனையைச் சேர்ந்த ஃபெயித் டிக்கர்சன். அவரும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 413 நோயாளிகள் பங்கேற்றனர். ஒவ்வொருவரின் குருதியிலும் சி.ஆர்.பி. அளக்கப்பட்டது, நினைவு, கவனம், மொழி, உருவ அறிவு ஆகியவை தேர்வின் மூலம் மதிப்பிடப்பட்டன, குரல், ஐயம் முதலிய நோய்க்குறிகளின் கடுமையும் தனியே பதிவாயிற்று. லிட்டருக்கு 5 மில்லிகிராமும் அதற்கு மேலும் சி.ஆர்.பி. இருந்தோரின் அறிவாற்றல் மதிப்பெண், அதற்குக் குறைவாக இருந்தோரின் மதிப்பெண்ணைவிடத் தாழ்ந்திருந்தது. நோய்க்குறிகளின் கடுமையிலோ அவ்விரு பிரிவினரிடையே வேறுபாடு காணப்படவில்லை. அதாவது, குருதியில் காணும் அழற்சி குரல்களோடு உறவு கொள்ளவில்லை. மறதியோடுதான் உறவு கொண்டது. முன்பு சோம்பல் என்று தந்தை நினைத்த அந்தப் பகுதிக்கே உடலில் ஓர் அடையாளம் இருக்கக்கூடும் என்பது இதன் பொருள். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த ஆய்வு நினைவில் வைக்கத்தக்கது.

குருதியின் செய்தி மூளையை எட்டும் வழிகளும் ஓரளவு தெரிந்தவையே. வயிற்றிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பு ஒரு வழி. குருதிக்கும் மூளைக்கும் இடையிலான காப்புத் திரையில் தடை தளர்ந்த இடங்கள் மற்றொரு வழி. மூளைக்குள் மைக்ரோக்ளியா எனப்படும் காவல் செல்கள் உள்ளன. அவை கிருமியை விழுங்குவதோடு, வேறொரு பணியையும் செய்கின்றன. வயலில் விதை நெருக்கமாக முளைத்துவிட்டால் உழவர் பயிரைக் கலைத்துவிடுவர். இடைவெளி கிடைத்தால்தான் எஞ்சிய பயிர் தூர்கட்டும். அவ்வாறே குழந்தைப் பருவத்தில் மிகுதியாக உண்டான நரம்பு இணைப்புகளுள் தேவையற்றவற்றை இச்செல்கள் வளரிளம் பருவம் முழுவதும் களைகின்றன. எதைக் களைவது என்பதற்கு அடையாளம் இடுவனவற்றுள், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் உறுப்பாகிய சி4 என்னும் புரதமும் ஒன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் மெக்கரோல், பெத் ஸ்டீவன்ஸ் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 65,000 பேரின் மரபணுக்கள் ஒப்பிடப்பட்டன. மூளையில் சி4 மிகுதியாக உண்டாகும் வகை மரபணுவைப் பெற்றவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாக இருந்தது. கலைக்கும் கை தேவைக்கு மேல் பறித்துவிட்டால் நல்ல பயிரும் போய்விடுமல்லவா? இந்நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுவதற்கு இது ஒரு விளக்கமாக அமையலாம். சற்றுக் கூடுதல் என்ற சொல்லை மறக்கலாகாது. அம்மரபணுவைப் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர்க்கு நோய் வருவதேயில்லை.

இவ்விடத்தில் நின்று நிதானிப்பது நலம். மலையில் புகை கண்டு அங்கே நெருப்பு உண்டெனத் துணிவதைத் தருக்க நூலார் அனுமானம் என்பர். சி.ஆர்.பி. அத்தகைய புகையே. நெருப்பு எது என்பதில்தான் ஐயம். ஈறு வீங்கினால் சி.ஆர்.பி. ஏறும், புகைபிடித்தால் ஏறும், இடுப்பில் கொழுப்பு சேர்ந்தால் ஏறும், ஏனெனில் கொழுப்புத் திசுவே இன்டர்லூகின்-6ஐச் சுரக்கிறது. மனச்சிதைவு நோயாளிகளில் புகைபிடிப்போர் மிகுதி. அவர்கள் உண்ணும் மருந்துகள் பலவும் எடையைக் கூட்டுபவை. ஆகவே மறதிக்குக் காரணம் அழற்சியா, அல்லது இரண்டுக்கும் பின்னால் நிற்கும் வேறொன்றா என்ற கேள்விக்கு ஒரு நாள் குருதி அளவு மட்டும் விடை தராது.

இதற்கு ஒரு மாற்று வழியாக, நோய் வருவதற்கு முன்பே அளந்து பார்த்தனர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில். அங்கே 1991, 1992ஆம் ஆண்டுகளில் பிறந்த குழந்தைகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டு வருகின்றனர். ஒன்பது வயதில் இன்டர்லூகின்-6 உயர்ந்திருந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதில் மனச்சிதைவைச் சார்ந்த அனுபவங்கள் தோன்றும் வாய்ப்பு, அது தாழ்ந்திருந்த பிள்ளைகளைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்தது என்று 2014இல் கோலம் கந்தாக்கரும் அவர் குழுவினரும் அறிவித்தனர். மருந்தும் எடையும் வருவதற்கு முன்பே அடையாளம் இருந்தது என்பதால் இம்முடிவுக்கு வலிமை உண்டு. ஆனால் மரபணு வழி ஆராய்ந்தோர் கண்டது வேறு. பிறவியிலேயே சி.ஆர்.பி. சற்று உயர்ந்திருக்கும் மரபைப் பெற்றோர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடவில்லை. சிறிது குறைந்தே காணப்பட்டது. இரண்டு முடிவுகளும் எளிதில் பொருந்தவில்லை. சி.ஆர்.பி. குற்றவாளி அன்று, சாட்சி மட்டுமே என்று கொள்வது இப்போதைக்குத் தகும்.

அழற்சியைத் தணித்தால் அறிவு தெளியுமா? அம்முயற்சியும் நடந்துள்ளது. நெதர்லாந்தில் 70 நோயாளிகளிடம் வழக்கமான மருந்தோடு ஆஸ்பிரின் சேர்த்துத் தரப்பட்டது. 2010இல் வெளியான முடிவுப்படி நோய்க்குறிகள் ஓரளவு குறைந்தன, அறிவாற்றல் மாறவில்லை. பிரிட்டனில் 207 பேரிடம் மினோசைக்ளின் என்னும் மருந்து ஓராண்டு சோதிக்கப்பட்டது. 2018இல் பலன் இல்லை என்று அறிவித்தனர். இன்டர்லூகின்-6இன் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப், முதலில் ஒரு சிலரிடம் நினைவாற்றலை உயர்த்துவதுபோல் தோன்றியது. 36 பேரிடம் முறையான சோதனை செய்தபோது அந்நம்பிக்கை நிலைக்கவில்லை. இச்சோதனைகளில் ஒரு குறையும் உண்டு. நோயாளிகள் எல்லார்க்கும் சி.ஆர்.பி. உயர்ந்திருப்பதில்லை, உயர்ந்தவர்களை மட்டும் தேர்ந்து மருந்து தரவில்லை. வெப்பம் இல்லாதவருக்குக் காய்ச்சல் மாத்திரை தந்து பலன் பார்ப்பதைப் போன்றது அது.

நோய் எதிர்ப்பு மண்டலமே நேராக அறிவைக் குலைக்கும் நிலை ஒன்று ஐயத்துக்கு இடமின்றி அறியப்பட்டுள்ளது. என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் என்பவை மூளையில் நினைவுக்கு இன்றியமையாதவை. உடலின் எதிர்ப்புப் புரதங்கள் தவறாக அவற்றையே தாக்கும் மூளையழற்சியை 2007இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டல்மாவும் அவருடன் பணியாற்றியோரும் விவரித்தனர். 2009இல் நியூயார்க் போஸ்ட் நாளிதழின் செய்தியாளர் சூசன்னா கஹலன், இருபத்து நான்கு வயதில் திடீரெனச் சித்தப்பிரமைக்கும் வலிப்புக்கும் ஆளானார். மதுப்பழக்கம் என்றனர் சிலர். மனநோய் என்றனர் சிலர். சோகேல் நஜ்ஜார் என்னும் மருத்துவர் ஒரு தாளைத் தந்து கடிகாரம் வரையச் சொன்னார். சூசன்னா வட்டத்தை வரைந்தார்; ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதினார்; இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. மூளையின் வலப்பாதி அழற்சியுற்றுள்ளது என்று அந்தத் தாளிலிருந்தே மருத்துவர் உய்த்துணர்ந்தார். அழற்சிக்குரிய மருத்துவம் பெற்று அவர் மீண்டும் தம் பணிக்குத் திரும்பினார். 2012இல் அந்த அனுபவத்தை நூலாகவும் எழுதினார். விலையுயர்ந்த கருவி பல காட்டாததை ஒரு பென்சில் காட்டியது.

இது அரிய நோய். மனச்சிதைவு எல்லாம் இதுவே என்று மயங்கலாகாது. ஆனால் நடத்தை மாற்றம் சில நாள்களிலேயே திடீரெனத் தோன்றுவது, காய்ச்சலோ வலிப்போ உடன் வருவது, வாயும் கையும் தாமாக அசைவது, பேச்சு குழறி நின்றுபோவது ஆகியவற்றைக் கண்டால் அவற்றை ஒளிக்காமல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பேய் பிடித்தது என்று நாள் கடத்துவோர் இழப்பது மீட்கக்கூடிய ஒரு மூளையை.

மற்றவர்களைப் பொறுத்தவரை, பெற்றோர் தாமே பரிசோதனை நிலையத்துக்குச் சென்று சி.ஆர்.பி. அளந்து அச்சம் கொள்வதால் பயன் ஏதுமில்லை. மருந்தைத் தாமே நிறுத்துவது பெருந்தீங்கு. நின்ற குரல்கள் திரும்பும், அடுத்த முறை அவற்றை அடக்குவது கடினமாகலாம். மருத்துவரிடம் கேட்கத்தக்கவை வேறு. எடை, சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு ஆகியவற்றைப் பார்த்தாயிற்றா? சைவ உணவினராகையால், அதிலும் பால் தயிர் குறைவாக உண்போராயின், வைட்டமின் பி12 அளவு என்ன? இச்சத்து குறைந்தாலே நினைவு மங்கும்; அது எளிதில் நிறைவு செய்யக்கூடியது. கை நடுக்கத்துக்கென்று டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை தரப்படுகிறதா, அது இன்னும் தேவையா? நினைவாற்றலைத் தானே மந்தமாக்கும் இயல்பு அம்மாத்திரைக்கு உண்டு என்பதைப் பல வீட்டார் அறியார். அதைக் குறைப்பதும் விடுவதும் மருத்துவர் சொற்படியே நடக்க வேண்டும்.

அழற்சி மருந்துகள் தராத பலனை நடையும் ஓட்டமும் ஓரளவு தந்துள்ளன. ஜோசப் ஃபர்த் என்பவரும் அவர் குழுவினரும் 2017இல் பத்துச் சோதனைகளைத் தொகுத்தனர். அவற்றில் இருந்த 385 நோயாளிகளுள், மூச்சு வாங்க உடற்பயிற்சி செய்தவர்களின் அறிவாற்றல் மற்றவர்களைவிட உயர்ந்தது. நினைவுக்கும் கவனத்துக்கும் படிப்படியாகப் பழக்கம் தரும் அறிவாற்றல் பயிற்சியும் உண்டு; தொழிற்பயிற்சியோடு சேர்த்துத் தரும்போது அது நன்கு பயன்படுகிறது. வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்வதும், சொன்னதைத் தாளில் எழுதி வைப்பதும், விடை வரும்வரை பொறுத்திருப்பதும் அப்பயிற்சியின் எளிய வடிவங்களே.

மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், மருத்துவத்தோடு மறுவாழ்வுப் பயிற்சியையும் அளித்து வருகிறது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் இருப்போர் முதலில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை அரசு மருத்துவமனையில் காணலாம். எங்கே செல்வது என்று தெரியாதோர் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அப்போது குரல்களைப் பற்றி மட்டுமன்றி, மறதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எப்போது தொடங்கியது, எந்த வேலையில் தடுமாறுகிறார் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் குறித்துக்கொண்டு சென்றால் மருத்துவருக்கு அது பேருதவியாகும்.